சைபர் செக்யூரிட்டி பட்டப்படிப்பு: உள்ளே என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

எங்கள் தெருத் தம்பி ஒருவன் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தான், அவன் அம்மாவும் கூட வந்திருந்தார். நான் ஒரு வங்கியின் கணினி வலையமைப்பை ராப்பகலாகக் கண்காணிக்கும் குழுவில் வேலை பார்க்கிறேன். அதனால் கவுன்சலிங் நேரத்தில் இப்படி இரண்டு மூன்று குடும்பங்களாவது வந்துவிடும். அம்மாவின் கேள்வி, "இதுல வேலை கிடைக்குமா பாப்பா?" தம்பிக்கு வேறு கவலை. "அக்கா, முதல் செம்லயே ஹேக்கிங் லேப் இருக்குமா?"

இருக்காது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரை எடுத்துக்கொண்டால் ஆங்கிலம், அணிகளும் நுண்கணிதமும், இயற்பியல், வேதியியல், பைத்தான், தமிழர் மரபு என்றுதான் வரும். சைபர் செக்யூரிட்டி எடுத்தவரும் சாதாரணக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவரும் முதல் ஆண்டில் ஏறக்குறைய ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் ஆண்டிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. தம்பியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. அவனுக்கு அன்று சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தப் படிப்பு எதைக் காக்கக் கற்றுத் தருகிறது? மதிப்பெண் பட்டியலை வைத்தே சொல்கிறேன். ரிசல்ட் வெளியாகும் முன்பே உங்கள் மதிப்பெண்ணை யாரோ எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். இது ரகசியம் கெட்டுப்போவது. 78 என்று இருந்ததை யாரோ 98 ஆக மாற்றிவிடுகிறார்கள். இது நம்பகத்தன்மை கெட்டுப்போவது. எதையும் யாரும் தொடவில்லை, ஆனால் ரிசல்ட் நாளில் காலை முழுவதும் இணையதளம் திறக்கவே மாட்டேன் என்கிறது. இது கிடைக்கவேண்டிய நேரத்தில் கிடைக்காமல் போவது. பாடப்புத்தகத்தில் இந்தத் துறையின் முதல் பக்கத்திலேயே இந்த மூன்றும் வரும். ஒரு தாக்குதலைப் பற்றி எங்கே படித்தாலும், இந்த மூன்றில் எது போனது என்று கேட்டுப் பாருங்கள். பாதி விஷயம் புரிந்துவிடும்.

சரி, அப்படியானால் முதல் இரண்டு ஆண்டு எதற்கு? நான் அழுத்தமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். அந்த இரண்டு ஆண்டில் வரும் "சும்மா" பேப்பர்களுக்குள்தான் செக்யூரிட்டி இருக்கிறது. பாஸ் ஆனால் போதும் என்று அவற்றைத் தாண்டிவிட்டு, மூன்றாம் ஆண்டில் எத்திக்கல் ஹேக்கிங் (அனுமதியோடு ஊடுருவிப் பார்ப்பது) பேப்பர் வந்ததும் ஆர்வமாக உட்காருபவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவியை ஓட்டத் தெரியும், அது ஏன் அந்தப் பதிலைத் தருகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சி மொழியிலிருந்து தொடங்குவோம். லேப் நோட்டில் எல்லோரும் ஒரு புரோகிராம் எழுதியிருப்போம்: பயனரிடம் பெயரைக் கேட்டு, 20 எழுத்துக்கு இடம் ஒதுக்கி, அதில் சேமிப்பது. ஒருவர் 50 எழுத்து தட்டினால் என்ன ஆகும்? மீதி 30 எழுத்து பக்கத்து இடத்தில் வழிந்து விழும். அந்தப் பக்கத்து இடத்தில்தான், இந்த வேலை முடிந்ததும் அடுத்து எங்கே போகவேண்டும் என்று கணினி குறித்து வைத்திருக்கும் முகவரியும் இருக்கலாம். திட்டமிட்டு வழியவிட்டால் அந்த முகவரியை மாற்றி, கணினியைத் தன் இஷ்டத்துக்கு நடக்கவைக்கலாம். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் இணையத்தில் விட்ட புழு (தானாகவே கணினிக்குக் கணினி தாவும் நிரல்) பரவிய வழிகளில் ஒன்று இது. ஒரு சேவைக்குள் 512 பைட் மட்டுமே கொள்ளும் இடம் இருந்தது. வருவதன் நீளத்தை அளக்காமலே வாங்கிப் போட்டுக்கொள்ளும் 'கெட்ஸ்' என்ற சி கட்டளை அங்கே பயன்பட்டிருந்தது. புழு 536 பைட்டை அனுப்பியது. அதன் விளைவுகளில் ஒன்றாகத்தான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரநிலைகளுக்கென்று ஒரு மையம் அமைந்தது. இந்தியாவில் 2004 முதல் இதே வேலைக்காக இயங்கும் அரசு அமைப்பான செர்ட்-இன்னின் பெயரும் அந்த மரபில் வந்ததுதான். 'கெட்ஸ்' கட்டளையை சி மொழியின் தரநிலையிலிருந்து நீக்க 2011 வரை ஆனது. இந்த ஒரு கதை தெரிந்தபின் முதலாண்டு சி லேபை உங்களால் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

அடுத்தது நெட்வொர்க்ஸ். பரீட்சையில் ஒரு கணக்கு தவறாமல் வரும்: இந்தக் கணினி முகவரித் தொகுப்பை நான்கு துணை வலையமைப்பாகப் பிரி. எல்லோரும் சூத்திரத்தை மனப்பாடம் செய்து போட்டுவிட்டு வந்துவிடுவோம். ஏன் பிரிக்கவேண்டும் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதாக நினைவில்லை.

இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2019 செப்டம்பரில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கணினியில் தீநிரல் (வைரஸ் போன்ற கெடுதல் செய்யும் நிரல்) இருந்தது தெரியவந்தது. இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அதை ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த, நிர்வாக வேலைகளுக்கான கணினி அது. உலையைச் சேர்ந்த முக்கிய உள்வலையமைப்பு அதிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டிருந்ததால் அங்கே எதுவும் போகவில்லை என்று கழகம் தெரிவித்தது. இரண்டாவது, 2022 நவம்பர் 23, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை. சர்வர்களில் இருந்த தகவலை யாரோ பூட்டிவிட்டார்கள். நோயாளிப் பதிவு, பரிசோதனை முடிவு, எல்லாம் காகிதத்துக்குத் திரும்பின. இயல்புநிலை வர நாட்கள் ஆயின. ஐந்து சர்வர்கள், ஏறக்குறைய 1.3 டெராபைட் தகவல் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. காரணமாக அது குறிப்பிட்டது, வலையமைப்பைச் சரியாகப் பிரிக்காமல் விட்டதை.

ஓர் இடத்தில் சுவர் இருந்தது, இன்னோர் இடத்தில் இருக்கவேண்டிய சுவர் சரியாக இல்லை. பரீட்சையில் 13 மார்க்குக்குப் போட்ட கணக்கு அந்தச் சுவரைப் பற்றியதுதான். வரிசையில் கையில் சீட்டோடு நின்ற நோயாளிகளை நினைத்தால், அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு போட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

டேட்டாபேஸ் பேப்பரிலும் இதே கதை. ஒரு லாகின் பக்கத்தில் 'கவிதா' என்று பெயரும் ஒரு கடவுச்சொல்லும் தருகிறீர்கள். பின்னால் இருக்கும் புரோகிராம் தகவல்தளத்திடம் இப்படி ஒரு வாக்கியமாகக் கேட்கும்: பெயர் = 'கவிதா', மேலும் கடவுச்சொல் = 'மல்லிகை123' என்று இருக்கும் ஆளைக் காட்டு. நடுவில் உள்ள சொற்கள் நீங்கள் தட்டியவை, மீதி புரோகிராம் எழுதியவர் வைத்தவை. இப்போது ஒருவர் பெயர்க் கட்டத்தில் கவிதா என்று எழுதி, அதன் பின்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறியும் இரண்டு சிறு கோடும் சேர்த்துத் தட்டுகிறார். வாக்கியம் இப்படி ஆகிவிடும்: பெயர் = 'கவிதா' --' மேலும் கடவுச்சொல் = ... அந்த மேற்கோள் குறி பெயரை அங்கேயே மூடிவிடுகிறது. இரண்டு கோடு வந்தால், அதற்குப் பின்னால் இருப்பது வெறும் குறிப்பு, படிக்கவேண்டாம் என்று தகவல்தளத்துக்கு அர்த்தம். ஆக, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பகுதியே காணாமல் போகிறது. 'கவிதா என்ற ஆளைக் காட்டு' என்பது மட்டும்தான் மிச்சம். கதவு திறந்துவிடும்.

இதற்கு மருந்து எளிது. கட்டளையை முதலிலேயே தனியாக அனுப்பிவிட்டு, பயனர் தட்டியதை 'இது வெறும் மதிப்பு, கட்டளை கிடையாது' என்று தனியாக அனுப்பவேண்டும். மருந்து எப்போதோ தெரிந்துவிட்டது. நோய் மட்டும் இன்னும் போகவில்லை, ஏனென்றால் லாகின் பக்கம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் யாரோ ஒருவர் இதைச் சொல்லித் தரவேண்டியிருக்கிறது.

கணக்கைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு கால்குலேட்டரை எடுங்கள். நான் 33, 7 என்ற இரண்டு எண்களை ஊருக்கே சொல்லிவிடுகிறேன். 3 என்ற எண்ணை மட்டும் எனக்குள் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் எனக்கு 4 என்ற எண்ணை ரகசியமாக அனுப்பவேண்டும். நான் சொன்ன 7ஐப் பயன்படுத்தி, ஏழு நான்குகளை ஒன்றோடொன்று பெருக்குங்கள்: 16384. அதை 33ஆல் வகுத்தால் மீதி 16. அந்த 16ஐ எல்லோரும் பார்க்க அனுப்புங்கள். நான் என் ரகசிய எண்ணான 3ஐக் கொண்டு, மூன்று பதினாறுகளைப் பெருக்குகிறேன்: 4096. அதை 33ஆல் வகுத்தால் மீதி 4. நீங்கள் அனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது! நாம் இருவரும் முன்கூட்டிச் சந்தித்து எந்தச் சாவியையும் கைமாற்றவில்லை.

ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் 1977இல் கண்டுபிடித்த முறை இது. மூன்றெழுத்தில் ஆர்.எஸ்.ஏ. என்பார்கள். 33 என்பது 3 பெருக்கல் 11 என்று யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், அது தெரிந்தால் என் ரகசிய எண்ணையும் கண்டுபிடித்துவிடலாம். நிஜத்தில் அந்த 33 இருக்கும் இடத்தில் 600 இலக்கத்துக்கு மேல் நீளமான ஒரு எண் இருக்கும். அதை இரண்டு பகா எண்ணாகப் பிரிக்க இன்றைய கணினிகளால் முடியவில்லை என்பதில்தான் பாதுகாப்பே நிற்கிறது. எட்டாம் வகுப்பில் பார்த்த வகுத்தலும் மீதியும்தான் இதற்கு அடிப்படை. கணக்கில் சுமார் என்பவர்கள் இந்தப் படிப்பைக் கண்டு ஒதுங்கவேண்டாம். ஆனால் கணக்கே பிடிக்காது என்பவர்களுக்கு தகவலை இப்படி மறைத்து அனுப்பச் சொல்லித் தரும் கிரிப்டோகிராபி பேப்பர் கஷ்டம்தான், அதை மறைக்க நான் விரும்பவில்லை.

மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் பெயருக்கேற்ற பேப்பர்கள் வரும். கிரிப்டோகிராபி, வலையமைப்புப் பாதுகாப்பு, எத்திக்கல் ஹேக்கிங், தீநிரல் ஆய்வு, டிஜிட்டல் தடயவியல், சைபர் சட்டம் என்று கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். இதில் தடயவியலை மாணவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் கருத்து. பறிமுதல் செய்த ஹார்டு டிஸ்கை அப்படியே கணினியில் செருகிப் பார்க்கக் கூடாது. செருகினாலே உள்ளே சில தகவல்கள் மாறிவிடும். எழுதவிடாமல் தடுக்கும் கருவி வழியாக அதை நகலெடுத்து, அசலுக்கும் நகலுக்கும் ஹாஷ் மதிப்பு (உள்ளே இருக்கும் தகவலைக் கணக்கிட்டு எடுக்கும், கைரேகை போன்ற ஒரு எண்) கண்டு, இரண்டும் ஒன்றுதான் என்று காட்டவேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு ஆளே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தில், மின்னணுச் சான்றுக்குத் தரவேண்டிய சான்றிதழிலேயே இந்த ஹாஷ் மதிப்புக்கு இடம் வைத்திருக்கிறார்கள். லேபில் படித்தது நேராக நீதிமன்றத்துக்குப் போகிறது.

எந்தப் பட்டம் எடுப்பது என்பதற்கு வருவோம். தமிழ்நாட்டில் இது பல பெயரில் கிடைக்கிறது. நான்கு ஆண்டு பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் சைபர் செக்யூரிட்டி சிறப்புப் பிரிவு, தன்னாட்சிக் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் பி.டெக்., கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்று ஆண்டு பி.எஸ்சி., பி.சி.ஏ. என்று. நல்ல கல்லூரியில் சாதாரணக் கம்ப்யூட்டர் சயின்ஸும், ஆசிரியரும் லேபும் சரியில்லாத கல்லூரியில் சைபர் செக்யூரிட்டியும் கிடைத்தால், யோசிக்காமல் முதலாவதை எடுங்கள். பாதுகாப்புப் பேப்பர்களை விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம், ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டெல். இணைய வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். அஸ்திவாரம் சரியில்லாமல் போனால் அதைப் பிற்பாடு ஈடுகட்டுவது ரொம்பக் கஷ்டம். மூன்று ஆண்டுப் படிப்பையும் தாழ்வாக நினைக்கவேண்டாம். என் குழுவில் நான் மிகவும் மதிக்கும் ஒருவர் பி.எஸ்சி. படித்து வந்தவர்தான்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். லேபுக்குள் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். தாக்கிப் பழகுவதற்கென்று தனியாகப் பிரித்து வைத்த கணினிகள் இருக்கின்றனவா? மாணவர்கள் சி.டி.எஃப். போட்டிகளுக்குப் போகிறார்களா? வேண்டுமென்றே ஓட்டை வைத்துச் செய்த புதிர்களை உடைத்து, உள்ளே ஒளித்த 'கொடி'யைக் கண்டெடுக்கும் போட்டி அது. கேரளத்தில் அம்ருதா பல்கலைக்கழகத்தின் அம்ருதாபுரி வளாகத்து மாணவர்களின் பையோஸ் குழு இந்தப் போட்டிகளால்தான் உலக அளவில் பெயர் வாங்கியது. சீனியர் ஜூனியருக்குச் சொல்லித் தருவதாகவே அந்தக் குழு வளர்ந்தது. நான் போய்ப் பார்த்த ஒரு கல்லூரியில் சைபர் லேப் என்று பலகை இருந்தது. உள்ளே புரொஜெக்டரில் பாடக் காட்சிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நீச்சலைக் கரையில் உட்கார்ந்து யாரும் கற்றுக்கொண்டதில்லை.

பழக வீட்டிலேயே இடம் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை வைத்துக்கொள்ளலாம். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பழகுங்கள். வயர்ஷார்க் என்ற மென்பொருளைத் திறந்து, உங்கள் கணினியில் வந்து போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் பாருங்கள். நெட்வொர்க்ஸ் புத்தகத்தில் படமாகப் பார்த்தது கண்ணெதிரே ஓடும். கார்னகி மெலன் நடத்தும் பிகோ சி.டி.எஃப். பள்ளிப் பிள்ளைகளும் விளையாடக்கூடியது. ஓவர் தி வயர் தளத்தின் பேண்டிட் லினக்ஸே தெரியாதவர்களுக்கு நல்ல தொடக்கம். இரண்டும் இலவசம்.

ஆனால் ஒன்று. அனுமதி இல்லாமல் யாருடைய கணினியையும், அது கல்லூரி வைஃபையே ஆனாலும், தொடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லி ஒரு வழக்கிலிருந்து வெளியே வருவது சுலபமில்லை. கையில் இருக்கும் திறமை அதே, எழுத்தில் அனுமதி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் வேலைக்கும் குற்றத்துக்குமான கோடு.

இப்போது அந்த அம்மாவின் கேள்வி. வேலை இருக்கிறது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2016இலேயே சைபர் பாதுகாப்புக்கென்று தனி வரையறைகள் கொடுத்துவிட்டது. ஒரு தாக்குதல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆறு மணி நேரத்தில் தெரிவிக்கவேண்டுமானால், யாராவது விழித்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் அல்லவா? புதிதாக வருபவர்களில் பலர் முதலில் உட்காருவது அந்த நாற்காலியில்தான். ஷிஃப்ட் வேலை. திரையில் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும், பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை.

நான் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தபோது ஒரு ராத்திரி, இரண்டு மணி சுமாருக்கு, லாகின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊழியர்கள் நிறையப் பேருடைய கணக்கில் ஆளுக்கு ஒரு முறை கடவுச்சொல் தவறு. ஒருவருக்கு ஒரு தவறு என்பது சாதாரணம், எச்சரிக்கையே வராது. பதிவேட்டைப் பெயர் வரிசையில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று, முயற்சி எந்தக் கணினி முகவரியிலிருந்து வந்தது என்ற வரிசையில் அடுக்கினேன். எல்லாத் தவறுகளும் ஒரே முகவரியிலிருந்து வந்திருந்தன. யாரோ ஒருவர், எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரே கடவுச்சொல்லை ஒவ்வொரு கணக்கிலும் ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று முறை தவறினால்தானே கணக்கு பூட்டிக்கொள்ளும்? ஒரு முறை மட்டும் முயன்றால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த முகவரியைத் தடுத்துவிட்டு, ஏதாவது ஒரு கணக்கு திறந்திருக்கிறதா என்று விடியும்வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். திறக்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது எந்தச் சான்றிதழும் இல்லை. டேட்டாபேஸ் லேபில் ஒரே அட்டவணையை வெவ்வேறு வரிசையில் அடுக்கிப் பார்த்த பழக்கம்தான்.

சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. படிக்கும்போதே ஆயிரக்கணக்கில் கட்டி வரிசையாக வாங்கிக் குவிக்கவேண்டியதில்லை. விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கும் தேர்வுகள் சில இருக்கின்றன. ஏறக்குறைய ஒரு முழு நாள் உட்கார்ந்து நிஜமாகவே கணினிகளுக்குள் நுழைந்து காட்டி, அடுத்த நாள் அதை அறிக்கையாக எழுதித் தரவேண்டிய ஓ.எஸ்.சி.பி. போன்றவையும் இருக்கின்றன. இரண்டாவது வகைக்கு நேர்முகத்தில் மதிப்பு அதிகம். அதில் அந்த அறிக்கை எழுதும் பகுதியைக் கவனியுங்கள். கண்டுபிடித்ததை, கணினி தெரியாத ஒரு மேலதிகாரிக்கும் புரியும்படி எழுதத் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் ரொம்பப் பேர்.

அந்தத் தம்பி கடைசியில் பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான், சாதாரணக் கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் செமஸ்டர் லீவில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு படம் அனுப்பினான். பேண்டிட் விளையாட்டின் தொடக்க நிலைகளில் ஒன்று. கடவுச்சொல் ஒரு கோப்புக்குள் இருக்கிறது. அந்தக் கோப்பின் பெயரே வெறும் ஒரு சிறு கோடு. கோப்பைக் காட்டு என்ற கட்டளையோடு அந்தக் கோட்டைத் தட்டினால், திரை எதுவும் காட்டாமல் சும்மா நிற்கிறது. "அக்கா, ஹேங் ஆயிடுச்சா?"

ஹேங் ஆகவில்லை. லினக்ஸில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தனிக் கோடு வந்தால், விசைப்பலகையிலிருந்து படி என்று அந்தக் கட்டளை எடுத்துக்கொள்ளும். இவன் ஏதாவது தட்டுவான் என்று கணினி காத்திருக்கிறது. விடையை நான் சொல்லவில்லை. "அது உனக்காக வெயிட் பண்ணுது தம்பி, ஏன்னு அந்தக் கட்டளையோட கையேட்டுல படிச்சுப் பாரு" என்று மட்டும் அனுப்பினேன். பன்னிரண்டே முக்காலுக்கு அடுத்த நிலையின் படம் வந்தது.